இரண்டு மணி நேரத்தில் மறையும் சென்ட் போலியா?

கேள்வி: வங்கியில் வேலை பார்க்கிறேன். பிறந்தநாளுக்கு மகள் கால்வின் கிளைனின் ‘சிகே ஒன்’ சென்ட் வாங்கிக் கொடுத்தாள். காலை எட்டு மணிக்கு அடித்துக்கொண்டால் பத்து மணிக்கெல்லாம் மணம் போய்விடுகிறது. துணிக் கம்பெனி தயாரிக்கும் சென்ட் இப்படித்தான் இருக்குமா, அல்லது கடைக்காரர் போலியைக் கொடுத்துவிட்டாரா? பட்டுப்புடவை மேல் அடித்தால் மணம் நிற்குமா?

பதில்: பட்டுப்புடவை மேல் மட்டும் வேண்டவே வேண்டாம். சென்ட்டில் பெரும்பகுதி ஆல்கஹால். அதில் கரைந்திருக்கும் வாசனை எண்ணெய்கள் பட்டில் கறையாகப் படியும், சரிகையும் மங்கலாம். கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் அடித்து, ஈரம் காய்ந்த பிறகு புடவை கட்டுங்கள்.

சீக்கிரம் மறைவதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. சிகே ஒன்னின் இயல்பே அதுதான். 1968-இல் நியூயார்க்கில் கோட்டுகளுடன் தொடங்கிய இந்த நிறுவனம், 1985-இல் ‘அப்செஷன்’ என்ற சென்ட்டைக் கொண்டுவந்தது. ஆள் வருமுன்னே வாசனை வந்துவிடும், அவ்வளவு கனம். 1994-இல் வந்த சிகே ஒன் அதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. ஆணும் பெண்ணும் ஒரே பாட்டிலைப் பகிர்ந்து, குளித்த கையோடு தினமும் போட்டுக்கொள்ளலாம் என்பதே எண்ணம். அதற்கேற்ப ஆல்பெர்ட்டோ மொரியாஸ், ஹாரி ஃப்ரெமோன்ட் என்ற இரு வாசனைக் கலைஞர்கள் எலுமிச்சை இனப் பழங்களின் மணத்தை முன்னே வைத்தார்கள். அந்த மூலக்கூறுகள் இலேசானவை; உடல் சூடு பட்டதும் பறந்துவிடும். நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாக. பிறகு தோலில் தங்குவது மெல்லிய கஸ்தூரி மணமும் மர மணமும்தான். கஸ்தூரி மணத்துக்கு மூக்கு விரைவில் பழகிவிடும். சிலருக்குச் சில வகைக் கஸ்தூரி அறவே தெரியாது. பதினொரு மணிக்குப் பக்கத்து இருக்கைத் தோழியிடம் கேட்டுப் பாருங்கள். “வாசனை வருகிறதே” என்று அவர் சொல்வதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. இருந்தும் ஐயம் தீரவில்லையென்றால், அட்டைப்பெட்டியில் உள்ள தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) பாட்டிலின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

துணிக் கம்பெனி என்பதால் தரம் குறையாது. பாரிஸ் ஆடைக் கலைஞர் பால் புவாரே 1911-இலேயே தம் மகள் ரோசினின் பெயரில் வாசனைத் தொழில் தொடங்கினார். கோகோ ஷனேல் 1921-இல் எர்னஸ்ட் போ என்பவரைக் கொண்டு ‘நம்பர் 5’ செய்வித்தார். அன்றும் இன்றும் ஆடைக்காரர் பெயரும் விருப்பமும் தருவார். மணத்தைக் கலப்பவர் வேறொருவர். ஷனேலும் எர்மேயும் சொந்தமாகவே வாசனைக் கலைஞரை வைத்திருக்கின்றன. கால்வின் கிளைன் பெயரில் ‘கோட்டி’ நிறுவனம் உரிமம் பெற்றுத் தயாரிக்கிறது, அர்மானிக்கு ‘லோரியல்’. எனவே பெயரைவிட, பாட்டிலுக்குள் என்ன வகை மணம், எவ்வளவு செறிவு என்பதையே பார்க்க வேண்டும்.

உங்களுடையது ‘ஓ டி டாய்லெட்’. வாசனைப் பொருள் சுமார் 5 முதல் 15 சதவீதம். ‘ஓ டி பர்ஃபியூம்’ என்றால் ஏறத்தாழ 15 முதல் 20. கூடுதல் நேரம் நிற்கும். ஆனால் ஏ.சி. அறையில் நாள் முழுவதும் பலரோடு அமர்ந்திருக்கும் உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கனத்த வாசனையால் தலைவலி வருபவர்களும் ஆஸ்துமாக்காரர்களும் உங்கள் கவுன்டருக்கு வருவார்கள். மகள் பொருத்தமானதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

வறண்ட தோலில் மணம் நிற்காது. மணமில்லாத மாய்ஸ்சரைசர் தடவி, அதன் மேல் அடியுங்கள். பருத்திக் கைக்குட்டையில் ஒருமுறை அடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். சிறிய ஸ்பிரே புட்டியில் கொஞ்சம் எடுத்துப்போய் மதியம் மறுபடி அடித்துக்கொள்வது இன்னும் நல்லது. பாட்டிலைக் குளியலறையிலோ ஜன்னலோரத்திலோ வைக்காதீர்கள். பெட்டியோடு பீரோவுக்குள் இருக்கட்டும்.

கல்யாண வீடுகளுக்கு நீடித்த மணம் வேண்டுமென்றால், சந்தனமோ வெனிலாவோ அடிப்படையாக உள்ள ஓ டி பர்ஃபியூம் ஒன்றை 30 மில்லி அளவில் வாங்குங்கள். கடையில் நீட்டும் காகிதப் பட்டையை மட்டும் முகர்ந்து முடிவு செய்யாமல், மணிக்கட்டில் அடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கடைத்தெருவைச் சுற்றிவிட்டு வாருங்கள். அப்போதும் பிடித்திருந்தால் பணம் கொடுங்கள்.