ஸ்கூபா டைவிங்ல ஜாக்கெட் பிசிடி (மிதப்புக்கு காத்து ஏத்துற சட்டை) போட்டா கால் கீழ போகுது, விங்குக்கு (முதுகுப்பக்கம் மட்டும் காத்துப்பை இருக்குற வகை) மாறலாமா?

இப்போ மாறாதீங்க ப்ரோ. ஓபன் வாட்டர் (ஆரம்ப டைவிங் கோர்ஸ்) முடிச்ச புதுசுல கால் தொங்குதுன்னா பெரும்பாலும் ஜாக்கெட் குத்தம் இல்ல, இடுப்புல ஈயம் ஜாஸ்தியா கட்டிவிட்டிருப்பாங்க, அத சமாளிக்க காத்து ஏத்த ஏத்த நெஞ்சு மேல கால் கீழன்னு ஆயிரும்.

டைவ் முடிவுல டேங்க்ல காத்தழுத்தம் 50 பார் இருக்கப்ப, ரெகுலேட்டர் (டேங்க் காத்த மூச்சுக்கு தர்ற கருவி) வாயில இருக்கட்டும், தண்ணி மேல்மட்டத்துல நேரா நின்னு பிசிடிய முழுசா காலி பண்ணிட்டு சாதாரண மூச்ச பிடிங்க. தண்ணி கண்ணு மட்டத்துல நிக்கணும். மூழ்குனா காத்து ஏத்திட்டு 1 கிலோ கழட்டி திரும்ப பாருங்க. மதுரை ஸ்விம்மிங் பூல்ல பாத்த கணக்க ராமேஸ்வரத்துக்கு தூக்கிட்டுப் போகாதீங்க, உப்புத்தண்ணிக்கு ஈயம் கூட வேணும்.

அப்பவும் பேக்பிளேட் (முதுகுல வர்ற தகடு) விங் தான்னா, ஸ்டீல் பிளேட்டே 2-3 கிலோ வரும், அந்தளவு ஈயத்த குறைக்கணும். மேல மிதக்கும்போது ஃபுல்லா ஊதுனா மூஞ்சிய முன்னாடி தள்ளும், இன்ஸ்ட்ரக்டர் கூட பழகிட்டு வாங்குங்க. சைட்மவுண்ட் (டேங்க பக்கவாட்டுல மாட்டுறது) பேச்சே இப்போதைக்கு வேணாம்.