குத்தகை நிலத்தில் ஒரு விண்கலம்

அன்புள்ள சார்,

வணக்கம். உங்கள் தளத்தை நாலைந்து வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

கல்லூரிக் காலத்தில் பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கிய கட்டில் இரண்டு ஸ்டார் ட்ரெக் நாவல்கள் இருந்தன. அன்று பிடித்த பைத்தியம், இப்போது எழுபது புத்தகங்களைத் தாண்டிவிட்டது. "டிவி சீரியலைப் பார்த்து எழுதின கதைக்கு ஒரு அலமாரியா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். அதை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

என் சந்தேகம் வேறு. இந்த நாவல்களை வெளியிடும் சைமன் அண்ட் ஷூஸ்டரை 2023-இல் கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. அதற்கு முன் பெங்குவின் ரேண்டம் ஹவுஸ் வாங்க முயன்றதை நீதிமன்றம் தடுத்தது. எழுத்தாளர்களைக் காப்பாற்றிய தீர்ப்பு என்று அப்போது பலரும் பாராட்டினார்கள். என் அலமாரியில் இருக்கும் எழுத்தாளர்களுக்கும் அதனால் நன்மை உண்டா? 2021-இல் 'கோடா' என்ற மூன்று நாவல்களோடு இருபது வருடக் கதையை முடித்துவிட்டார்களே, அதற்கும் கம்பெனிகள் இணைந்ததற்கும் தொடர்பு உண்டா? இனி இந்த நாவல்கள் வருமா?

அன்புடன்,
கா.

அன்புள்ள கா.,

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல், என்னிடம் இருக்கும் முப்பது சொச்சம் ஸ்டார் ட்ரெக் நாவல்களை வருட வாரியாக அடுக்கி, காப்புரிமைப் பக்கத்தை மட்டும் வாசித்துக்கொண்டு வந்தேன். ஊரில் பழைய வீட்டுப் பத்திரத்தைப் புரட்டுகிற மாதிரி இருந்தது. வீடு அதேதான், பெயர்தான் மாறிக்கொண்டே வருகிறது. உங்கள் கேள்விகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவதுதான் சுலபம்.

1967-இல் பேன்டம் பதிப்பகம்தான் முதலில் இதைப் புத்தகமாக்கியது. டிவியில் வந்த கதைகளை ஜேம்ஸ் ப்ளிஷ் சிறுகதைகளாக எழுதிக் கொடுத்தார். பிறகு கார்ட்டூன் தொடர் வந்தபோது அந்தக் கதைகள் பேலன்டைனில் வந்தன. எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். (பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.) அந்தக் காலத்தில் நிலம் ஒருவருடையது, குத்தகைக்கு எடுத்து உழுதவர் வேறொருவர். கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் என்று ஒரு கம்பெனி இருந்தது. கார் உதிரிபாகம், துத்தநாகம், சர்க்கரை என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிப் போட்ட கம்பெனி. அது 1966-இல் பாரமவுண்ட் சினிமா ஸ்டுடியோவை வாங்கியது, 1975-இல் சைமன் அண்ட் ஷூஸ்டரையும் வாங்கியது. 1979-இல் பாரமவுண்டின் முதல் ஸ்டார் ட்ரெக் சினிமா வந்தபோது அதன் நாவல் சைமன் அண்ட் ஷூஸ்டரின் பாக்கெட் புக்ஸில் வெளியானது. சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து பெண் எடுத்த கதைதான்.

அப்புறம் 1994-இல் வயாகாம் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கியது. 2006 தொடக்கத்தில், அதுவரை சேர்ந்திருந்த வயாகாமும் சிபிஎஸ் டிவி நிறுவனமும் பாகம் பிரித்தபோது ஸ்டார் ட்ரெக் தொடரும் சைமன் அண்ட் ஷூஸ்டரும் சிபிஎஸ் பங்கில் வந்தன. சினிமா ஸ்டுடியோ மட்டும் அந்தப் பக்கம் போனது. "பாரமவுண்ட் பிக்சர்ஸ் வழங்கிய உரிமத்தின்படி" என்றிருந்த வரி "சிபிஎஸ் ஸ்டுடியோஸ்" என்று மாறியது இப்படித்தான். 2019 டிசம்பரில் மறுபடியும் கூட்டுக் குடும்பம். இத்தனை கூத்துக்கும் நடுவில் நிலமும் குத்தகையும் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தன. 2023 அக்டோபர் 30 அன்று 162 கோடி டாலருக்கு சைமன் அண்ட் ஷூஸ்டரை கேகேஆர் வாங்கியபோதுதான், நாற்பத்து நான்கு வருடம் கழித்து, அவை பிரிந்தன.

சரி, தீர்ப்புக்கு வருகிறேன்.

பெங்குவின் ரேண்டம் ஹவுஸ் 2020 நவம்பரில் 217.5 கோடி டாலருக்குப் பேசி முடித்திருந்தது. அமெரிக்க அரசின் நீதித் துறை வழக்குப் போட்டது. நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் வந்து தன் பதிப்பாளருக்கு எதிராகவே சாட்சி சொன்னார். 2022 அக்டோபர் 31 அன்று நீதிபதி ஃப்ளாரன்ஸ் பேன் இணைப்பைத் தடுத்தார். நல்ல தீர்ப்பு, எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த வழக்கு எந்த எழுத்தாளர்களைப் பற்றியது என்று பாருங்கள். இரண்டரை லட்சம் டாலரும் அதற்கு மேலும் முன்பணம் வாங்கும் புத்தகங்களை வைத்துத்தான் அரசுத் தரப்பு தன் வாதத்தைக் கட்டியது. ஏலம் கேட்க ஐந்து பேர் இருந்த இடத்தில் நான்கு பேர் ஆனால் விலை இறங்கும் என்பது வாதத்தின் சாரம். உங்கள் அலமாரியில் இருப்பவர்களில் பெரும்பாலானோரிடம் அந்தத் தொகையைச் சொன்னால் சிரித்துவிடுவார்கள்.

தொகையை விடுங்கள். அவர்களுக்கு ஏலமே கிடையாது. ஸ்டார் ட்ரெக்கின் கேப்டன் கிர்க்கை வைத்து ஒரு நாவல் எழுதினால் விற்க உலகத்தில் ஒரே ஒரு கடைதான். அந்தக் கடை வேண்டாம் என்றால் அது பழைய பேப்பர். ஐந்து பதிப்பகங்கள் நான்கானாலும் சரி, ஐம்பதானாலும் சரி, டை-இன் எழுத்தாளருக்கு, அதாவது திரையில் வந்த கதையை ஒட்டி நாவல் எழுதுபவருக்கு, எப்போதுமே ஒன்றுதான்.

2010-இல் நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2009-இல் வந்த புதுப் படத்தைத் தொடர்ந்து நான்கு நாவல்கள் அறிவிக்கப்பட்டிருந்தன. ஃபாஸ்டர், கிரெக் காக்ஸ், கிறிஸ்டோபர் பென்னெட், டேவிட் மேக் ஆளுக்கு ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஜனவரியில், படக் குழு அடுத்த கதையை யோசித்துக்கொண்டிருக்கிறது, அதுவரை பொறுப்போம் என்று நான்கையும் நிறுத்தினார்கள். சொந்த நாவலாக இருந்தால் அடுத்த தெருவுக்குப் போய் வேறு பதிப்பாளரிடம் கொடுக்கலாம். இதை எங்கே கொண்டுபோவது? நான்கில் இரண்டு, ஃபாஸ்டருடையதும் மேக்குடையதும், பத்து வருடம் கழித்து 2020-இல் வெளிவந்தன.

இணைப்புகளால் இவர்களுக்குப் பாதிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. பாதிப்பு வேறு வாசல் வழியாக வருகிறது. எனக்கு உண்மையில் கோபம் வருகிற இடமும் அதுதான்.

சாதாரண நாவலாசிரியருக்குத் தன் புத்தகத்தின் காப்புரிமை சொந்தம். பதிப்பாளர் ராயல்டி தராமல் ஏமாற்றினால் சண்டை போட்டு, கடைசியில் உரிமையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகலாம். டை-இன் எழுத்தாளர் எழுதிய முதல் வரியிலிருந்தே அது கம்பெனியின் சொத்து. கூலிக்குச் செய்த வேலை என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். அவர் கையில் மிஞ்சுவது ஒரு வாக்குறுதி: விற்கிற பிரதிக்கு இவ்வளவு தருகிறோம் என்று எழுதிய ஒரு தாள். கம்பெனி கைமாறும்போது நிலம் பத்திரமாகப் புதுச் சொந்தக்காரரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இந்தத் தாள்தான் வழியில் எங்கேயோ விழுந்துவிடுகிறது.

ஃபாஸ்டருக்கு நடந்தது இது. 1976 கடைசியில், படம் வருவதற்கு முன்பே, முதல் ஸ்டார் வார்ஸ் நாவல் வந்தது. அட்டையில் ஜார்ஜ் லூகாஸ் பெயர், எழுதியவர் ஃபாஸ்டர். 1978-இல் அதே உலகத்தில் தன் பெயரிலேயே இன்னொரு நாவலும் எழுதினார். ஏலியன் படங்களில் முதல் மூன்றையும் நாவலாக்கியவரும் அவரே. 2012-இல் டிஸ்னி 405 கோடி டாலருக்கு, ஸ்டார் வார்ஸை வைத்திருந்த லூகாஸ்ஃபிலிமை வாங்கியது. 2019-இல் 7,130 கோடி டாலருக்கு ஃபாக்ஸை வாங்கியபோது ஏலியனும் கூடவே வந்தது. புத்தகங்கள் கடையில் விற்றுக்கொண்டிருந்தன. ராயல்டி வரவில்லை, கணக்குத் தாளும் வரவில்லை. 2020 நவம்பரில் அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் சங்கம் இதை வெளியே கொண்டுவந்தது. உரிமைகளைத்தான் வாங்கினோம், கொடுக்க வேண்டிய கடமைகளை வாங்கவில்லை என்பதுதான் டிஸ்னி சொல்லும் நியாயம் என்று சங்கம் சொன்னது. அப்போது ஃபாஸ்டருக்குப் புற்றுநோய், மனைவிக்கும் உடல்நிலை சரியில்லை. மிக்கி மவுஸுக்கு எழுதுவதுபோல ஒரு கடிதம் எழுதினார். வாசித்துப் பாருங்கள், கெஞ்சலே இல்லை, நக்கல்தான் இருக்கிறது.

நம் ஊரில் மளிகைக் கடையை ஒருவர் வாங்குகிறார் என்றால் சரக்கு எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று இரண்டையும் பேசித்தான் முடிப்பார்கள். சரக்கு எனக்கு, பாக்கி பழைய முதலாளிக்கு என்று யாராவது சொன்னால் பஞ்சாயத்தில் சிரிப்பார்கள். அங்கே அதை வக்கீல் வைத்துச் சொல்ல முடிந்திருக்கிறது. எழுத்தாளர் சங்கங்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்து நெருக்கிய பிறகு, 2021-இல் ஃபாஸ்டருக்குச் சேர வேண்டியது வந்தது. அவருக்கு நாற்பது வருடப் பெயர் இருந்தது. 1990-களில் ஒரே ஒரு டை-இன் நாவல் எழுதிவிட்டு, இப்போது எங்கோ பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் ஒருவருக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

ஸ்டார் வார்ஸ் விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. 1991-இல் டிமத்தி ஸான் நாவலோடு பேன்டம் அந்த உலகத்தை மறுபடி உயிர்ப்பித்தது. பிறகு உரிமம் டெல் ரே என்ற பதிப்பகத்துக்குப் போய், 1999 முதல் அங்கிருந்து நாவல்கள் வந்தன. பதிப்பாளர் மாறிவிட்டார் என்று வாசகர்கள் நினைத்தார்கள். ஆனால் பேன்டமின் முதலாளியான பெர்டெல்ஸ்மான், டெல் ரேவை வைத்திருந்த ரேண்டம் ஹவுஸை 1998-இல் வாங்கியிருந்தது. ஒரே வீட்டில் கீழ்த் தளத்திலிருந்து மாடிக்குப் போனதுபோலத்தான். பிரிட்டனில் பிபிசியின் டிவி தொடரான டாக்டர் ஹூவின் நாவல்கள் கதையும் இப்படியே. உரிமம் வைத்திருந்த வர்ஜின் பதிப்பகத்திடமிருந்து 1997-இல் பிபிசி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பிபிசி புக்ஸ் என்று தானே போட ஆரம்பித்தது. 2006-இல் பிபிசி புக்ஸின் பெரும்பங்கை ரேண்டம் ஹவுஸ் வாங்கியது. 2007-இல் வர்ஜின் புக்ஸையும் வாங்கியது. முறைத்துக்கொண்டிருந்த பங்காளிகள் இருவரும் ஒரே வீட்டுக்கு வாடகைக்கு வந்துவிட்டார்கள்.

ஆனால் அந்த வர்ஜின் நாவல்களை நான் மரியாதையோடுதான் நினைக்கிறேன். டிவி தொடர் 1989-இல் நின்றுபோன பிறகு வந்தவை அவை. புது ஆட்கள் அனுப்பும் கையெழுத்துப் பிரதிகளையும் வாங்கிப் படித்தார்கள். அங்கே நாவல் எழுதிய ரஸ்ஸல் டி டேவிஸ்தான் 2005-இல் தொடரையே திரும்பக் கொண்டுவந்தார். இன்னொரு விஷயம் இன்னும் முக்கியம். பால் கார்னெல் 1992-இல் தன் நாவலில் பெர்னிஸ் சம்மர்ஃபீல்ட் என்ற தொல்லியல் ஆய்வாளரை உருவாக்கினார். தொடரின் நாயகனான டாக்டர் பிபிசியின் சொத்து, ஆனால் பெர்னிஸ் கார்னெலின் சொத்து. ஒப்பந்தம் அப்படி. அதனால் 1997-இல் டாக்டர் கைவிட்டுப் போனதும் வர்ஜின், பெர்னிஸை மட்டும் கதாநாயகியாக வைத்து 1999 வரை நாவல்கள் போட்டது. 1998-இல் பிக் ஃபினிஷ் என்ற நிறுவனம் ஒலி நாடகங்கள் தொடங்கியபோது முதலில் வந்ததும் அவள்தான். கம்பெனிகள் எத்தனை கை மாறினாலும் அவளைப் பற்றிக் கார்னெலிடம்தான் கேட்க வேண்டும். குத்தகை நிலத்தில் நட்ட தென்னை நட்டவனுக்கு என்று எழுதி வாங்கியதால் வந்த பலன். அமெரிக்க டை-இன் ஒப்பந்தங்களில் இப்படி ஒரு வரியைப் பார்ப்பது அபூர்வம்.

இனி 'கோடா'. அதற்குக் காரணம் இணைப்பு இல்லை. 2020-இல் பிகார்ட் என்ற புது ஸ்டார் ட்ரெக் டிவி தொடர் வந்தது. நாவல்கள் 2001 முதல் சேர்த்து வைத்திருந்த கதைக்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை. திரையில் வருவதுதான் சட்டம், நாவல்தான் வழிவிட வேண்டும். அந்தக் கதையை எழுதியவர்களே முடித்து வைக்க மூன்று நாவல்கள் கிடைத்தனவே, அதை நான் பெரிய விஷயம் என்பேன். ஸ்டார் வார்ஸ்காரர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. 2014 ஏப்ரலில் ஒரு அறிவிப்பு வந்தது, அதுவரை வந்த நாவல்களெல்லாம் 'லெஜண்ட்ஸ்', அதாவது திரைக் கதையோடு சேராத பழங்கதை, ஆகிவிட்டன.

ஸ்டார் ட்ரெக்கிலேயே டீப் ஸ்பேஸ் நைன் தொடரின் நாவல்கள் நடுவில் அறுந்து தொங்கியதைக் கவனித்திருப்பீர்கள். அந்த வரிசையை வளர்த்த எடிட்டர் மார்கோ பால்மியரி 2008 டிசம்பரில், பொருளாதாரச் சரிவு நேரத்து ஆட்குறைப்பில் வெளியேற்றப்பட்டார். அடுத்து வந்த நாவல்கள் சில வருடங்களைத் தாண்டிக் குதித்துவிட்டன. விட்டுப்போன கதையை டேவிட் ஆர். ஜார்ஜ் வந்து நிரப்ப 2015 ஆகிவிட்டது. யார் எந்தக் கம்பெனியை வாங்கினார்கள் என்பதைவிட, வாங்கிய பிறகு எந்த எடிட்டரின் மேசை காலியாகிறது என்பதைத்தான் நான் கவனிப்பேன். யார் எந்தக் கதையை எங்கே விட்டார்கள் என்பதெல்லாம் அந்த ஒருவர் தலைக்குள்தான் இருக்கும்.

இனி வருமா என்று கேட்டீர்கள். வரும், குறைவாக வரும் என்பது என் கணிப்பு. மாதம் ஒன்று வந்த காலம் ஏற்கெனவே போய்விட்டது. முன்பு உரிமத் தொகை என்பது இடது சட்டைப் பையிலிருந்து வலது பைக்குப் போகும் பணம். இப்போது கேகேஆரின் பெட்டியிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் பணம், கணக்குப் பார்க்காமல் விடமாட்டார்கள். அந்த அடுத்த வீடான பாரமவுண்டும் 2025 ஆகஸ்டில் ஸ்கைடான்ஸ் என்ற நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. பழைய உறவு முறையைச் சொல்லிச் சலுகை கேட்க இரண்டு பக்கமும் பழைய ஆட்கள் இல்லை.

நிறுத்தி வைத்துப் பத்து வருடம் கழித்து வந்தது என்றேனே, அந்த ஃபாஸ்டர் நாவல் உங்கள் எழுபதில் இருக்கிறதா? என்னிடம் தவறுதலாக இரண்டு பிரதிகள் சேர்ந்துவிட்டன. முகவரி அனுப்புங்கள், ஒன்றைத் தபாலில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்.