முதல் அடி எங்கே போச்சு? ரெகே பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லி பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, அந்த நாட்டின் இசையான ரெகே போன ஊரிலெல்லாம் அந்த ஊர் மேளத்தோடு சேர்ந்துகொண்டது என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை வேறு கேள்வி எதுவும் இல்லை, முழுக்க ரெகேதான்.

ஆறு வருடமாக மிருதங்கம் கற்றுக்கொள்கிறேன். ஆனால் ரெகே பாட்டுக்குத் தாளம் போட்டால் கை தடுமாறுகிறது. சமம், அதாவது தாளம் தொடங்குகிற முதல் அடி, எங்கே இருக்கிறது என்றே பிடிபடவில்லை. அது என்ன தாளம்?
*– வாசகர், தஞ்சாவூர்*

தாளம் சாதாரண நாலு எண்ணிக்கைதான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே கேளுங்கள். இரண்டிலும் நான்கிலும் கிட்டார் 'சக்' என்று வெட்டும். மூன்றில் காலால் அடிக்கிற பெரிய டிரம்மும் குச்சியால் அடிக்கிற ஸ்னேர் டிரம்மும் ஒன்றாக விழும். ஒன்றில்? ஒன்றில் டிரம்காரர் இந்த இரண்டையுமே தொட மாட்டார். இதற்கு 'ஒன் டிராப்' என்று பெயர், அதாவது முதல் அடியைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். மார்லியின் குழுவில் டிரம் வாசித்த கார்ல்டன் பாரெட் இதை எப்படி வாசித்தார் என்று கேளுங்கள், கூடவே பேஸ் கிட்டாரில் அவருடைய அண்ணன் ஆஸ்டன் பாரெட், இந்த இருவர் வாசிப்பை மட்டும் தனியாக ஒரு மணி நேரம் கேட்கலாம், அலுக்காது. எல்லா ரெகேயும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது, 'ஸ்டெப்பர்ஸ்' என்ற வகையில் நாலு எண்ணிக்கையிலும் கால் டிரம் விழும்.

நம் பாட்டிலும் சமத்தை விட்டு அரை இடம், ஒன்றரை இடம் தள்ளி எடுப்பது உண்டு, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அங்கே பாட்டுதான் தள்ளி வருகிறது, தாளம் போடுகிற கை சமத்தில் விழுந்துவிடும். ரெகேயில் அந்தக் கையையே எடுத்துவிடுகிறார்கள். சமத்தைக் கேட்பவர்தான் தனக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் தடுமாறுவது அதனால்தான், இரண்டு மாதம் விடாமல் கேட்டால் பழகிவிடும்.

இந்தக் காலி இடம்தான் ரெகேயின் உயிர் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்து வீடுகளில் வழிப்போக்கர்கள் உட்கார்ந்து போகத் திண்ணை விட்டுக் கட்டியது போல, இந்த இசை வெளியூர் மேளம் வந்து உட்கார இடம் விட்டே கட்டப்பட்டிருக்கிறது. அடுத்த பதில்கள் எல்லாமே ஒரு வகையில் இதைப் பற்றியதுதான்.

வேலை விஷயமாக மொரீஷியஸில் எட்டு மாதம் இருந்தேன். அங்கே பஸ்ஸில் ஒரு வகைப் பாட்டு போடுவார்கள். ரெகே மாதிரியே ஆரம்பிக்கும், ஆனால் உட்கார்ந்திருப்பவர்களின் கால் வேறு கணக்கில் ஆடும். அது என்ன?
*– வாசகி, சென்னை*

நீங்கள் கேட்டது செகே. பெயரிலேயே இருக்கிறது, சேகா பாதி, ரெகே பாதி. இந்தக் கேள்விக்காகவே தனியாக ஒரு பக்கம் கேட்டு வாங்கியிருக்கலாம், அவ்வளவு இருக்கிறது சொல்ல.

சேகா என்பது மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களின் பாட்டு. மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்தும் கொண்டுவரப்பட்ட மக்கள் இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாடியது. மொழி கிரியோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த பேச்சு மொழி. மேளம் மூன்று. ஆட்டுத்தோல் போர்த்திய அகலமான ரவான், உள்ளே விதைகள் போட்டுக் குலுக்குகிற மரவான், அப்புறம் ஒரு இரும்பு முக்கோணம். ரவானை வாசிப்பதற்கு முன்னால் நெருப்பில் காட்டித் தோலை முறுக்கேற்றுவார்கள். ஊரில் பறையைக் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. நான் முதன்முதலில் ஒரு காணொளியில் அதைப் பார்த்தபோது, இது நம்மூர் ஆட்களா என்று ஒரு நிமிடம் நிறுத்திப் பார்த்தேன்.

சேகாவின் நடை மும்மூன்றாகப் போகும், நம் கணக்கில் திஸ்ரம். ரெகேயோ சதுஸ்ரம், நாலு நாலாகப் போகும். ரெகே இரண்டு எண்ணுகிற நேரத்தில் சேகா மூன்று எண்ணும். இரண்டையும் அப்படியே ஒன்றின் மேல் ஒன்று போட்டால் மோதிக்கொள்ளும். இதைத்தான் 1980-களின் கடைசியில் கயா என்ற பாடகர் சரிசெய்து காட்டினார். அவருடைய இயற்பெயர் ஜோசப் ரெஜினால்ட் டோபிஸ், 1960-ல் பிறந்தவர், தலைநகர் போர்ட் லூயியின் ஓரத்தில் இருக்கிற ரோஷ் புவா என்ற ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவர். மார்லியின் 1978 ஆல்பத்தின் பெயரைத்தான் தன் பெயராக வைத்துக்கொண்டார். சேகாவின் வேகத்தைக் குறைத்து, பேஸையும் கிட்டாரையும் ரெகேயின் நாலு எண்ணிக்கையில் நிறுத்தி, அந்தக் காலி இடங்களுக்குள் ரவானின் மூன்றை ஓடவிட்டார். உங்கள் பஸ்ஸில் கால்கள் வேறு கணக்கில் ஆடியதற்கு இதுதான் காரணம், காது நாலைக் கேட்கும்போது கால் மூன்றைப் பிடித்துக்கொள்கிறது.

அவர் முடிவு கொடுமையானது. 1999 பிப்ரவரியில், கஞ்சாவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்று நடந்த ஒரு கச்சேரிக் கூட்டத்தில் பாடினார், கஞ்சா புகைத்ததாகக் கைது செய்யப்பட்டார், 21-ம் தேதி போலீஸ் காவலில் அறைக்குள் இறந்து கிடந்தார், தலையில் காயம். அந்தச் செய்தி வெளியே வந்ததும் தீவு பல நாள் எரிந்தது, இன்னொரு பாடகரான பெர்ஜே அகாத் அந்தக் கலவரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு சின்னத் தீவு தன் இரண்டு பாடகர்களை ஒரே வாரத்தில் இழந்தது. இத்தனை வருடம் கழித்தும் கயாவின் பாட்டை வெறும் கொண்டாட்டப் பாட்டாக என்னால் கேட்க முடிவதில்லை.

பக்கத்துத் தீவான ரீயூனியனிலும் இதே கதை வேறு விதமாக நடந்தது. அங்கே மலோயா என்ற பாட்டு, 1981 வரை அதிகாரிகள் அதை அமுக்கியே வைத்திருந்தார்கள், பிறகு அதுவும் ரெகேயோடு சேர்ந்து மலோகே ஆயிற்று. அந்தத் தீவில் 'மலபார்' என்று அழைக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ் முன்னோர்களின் வழிவந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் மலோயா 2009-ல், சேகா 2014-ல், ரெகே 2018-ல் ஏறின. ஜமைக்காவின் இசை இந்தத் தீவுகளின் இசைக்குப் பின்னால்தான் அந்தப் பட்டியலுக்கு வந்தது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

எதை எதோடு வேண்டுமானாலும் கலக்கிறார்கள். கலந்தால் இரண்டும் கெட்டுப்போகாதா? ரெகேயை ரெகேயாக விட்டால் என்ன?
*– வாசகர், திருச்சி*

உங்கள் கோபம் எனக்கும் உண்டு, ஆனால் வேறு இடத்தில். ரெகேயே கலந்து பிறந்ததுதான். ஜமைக்காவின் கிராமத்துப் பாட்டான மென்டோ, அமெரிக்க வானொலியில் இரவில் பிடித்த ரிதம் அண்ட் புளூஸ், ராஸ்தஃபாரி என்ற ஜமைக்க மதத்தைச் சேர்ந்தவர்கள் கூடி அடித்த நயாபிங்கி மேளம், எல்லாம் சேர்ந்து முதலில் ஸ்கா, பிறகு 1966 வாக்கில் ராக்ஸ்டெடி, 1968 வாக்கில் ரெகே. நயாபிங்கியில் மூன்று மேளம், அதில் ஒன்று விடாமல் இதயத் துடிப்பு மாதிரி இரண்டிரண்டாகத் தட்டிக்கொண்டே இருக்கும். கலக்காத ரெகேயைத் தேடிப் போனால் ரெகேயே கிடைக்காது.

கெடுவது எப்போது என்றால், ஒன்றின் எலும்பைத் தெரிந்துகொள்ளாமல் அதன் சட்டையை மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்ளும்போது. சில வருடங்களுக்கு முன் ஒரு ஃபியூஷன் கச்சேரிக்கு ஆசையாகப் போனேன். கீபோர்டில் 'ரெகே' என்ற பட்டனை அழுத்திவிட்டு, மேலே மிருதங்கத்தையும் கஞ்சிராவையும் மூச்சு விடாமல் வாசித்தார்கள். இருவருமே அருமையான கலைஞர்கள். ஆனால் காலி இடம் ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாவற்றையும் சொற்கட்டு போட்டு நிரப்பிவிட்டார்கள். வெளியே வந்தபோது மனசு கனத்துப் போயிருந்தது.

நல்ல கலப்புக்கு பிரேசிலைப் பாருங்கள். பாஹியா மாநிலத்தின் சால்வடோர் நகரில் 1979-ல் ஒலோடும் என்ற குழு தொடங்கியது, கறுப்பின மக்களின் திருவிழா மேளக் குழு. 1980-களில் நெகினியோ டோ சம்பா என்ற மேள ஆசான் அங்கே ஒரு காரியம் செய்தார். சம்பா ஊர்வலத்தில் அடிக்கிற பெரிய சுர்டு மேளங்களை ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக் கொடுத்து, பேஸ் கிட்டாரும் மின்சாரக் கிட்டாரும் இல்லாமல், ரெகேயின் அந்த ஆடி அசைந்த நடையை முழுக்கத் தோல் மேளத்திலேயே கொண்டுவந்தார். சம்பா-ரெகே என்று பெயர் ஆயிற்று. அமெரிக்கப் பாடகர் பால் சைமன் 1990-ல் வெளிவந்த தன் ஆல்பத்துக்காக அந்தக் குழுவைத் தேடிப் போனார், 1996-ல் மைக்கேல் ஜாக்சன் அவர்களோடு தெருவில் நின்று ஆடினார், அந்த வீடியோவை நம்மில் பலர் பார்த்திருப்போம். பெரிய நட்சத்திரங்களைத் தேடி ஒலோடும் போகவில்லை, அவர்கள்தான் சால்வடோருக்கு வந்தார்கள்.

ஆப்பிரிக்காவில் ரெகே உண்டா?
*– வாசகர், வேலூர்*

உண்டு, ஏராளமாக. 1980 ஏப்ரலில் ஜிம்பாப்வே சுதந்திரம் பெற்ற இரவில் மார்லி அங்கே போய்ப் பாடினார், கருவிகளைக் கொண்டுபோகும் செலவைத் தானே ஏற்றார். ஐவரி கோஸ்ட்டின் ஆல்ஃபா புளோண்டி 1982-ல் தன் முதல் ஆல்பத்தில் ஜூலா மொழியில் போலீஸ் அடியைப் பற்றிப் பாடி நாடு முழுக்கத் தெரிந்தவரானார், நாலு வருடம் கழித்து மார்லியின் குழுவினரோடேயே ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் பதிவு செய்தார். தென்னாப்பிரிக்காவின் லக்கி டூபே முதலில் ஜூலு மக்களின் ம்பகாங்கா என்ற பாட்டைப் பாடியவர், ரெகேக்கு மாறினாலும் அதில் வரும் பெண்கள் கோரஸை விடவில்லை. 2007-ல் கார் திருடர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இந்த மூன்று பேரில் முதலில் யாரைக் கேட்பது என்றால் டூபே என்பேன்.

ரெகேயில் இந்தியாவின் பங்கு இருக்கிறது, நம்மவர்கள்தான் அதற்கு மூலம் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?
*– வாசகர், யாழ்ப்பாணம்*

மூலம் என்று சொல்வது தப்பு, அது ஜமைக்காவின் கறுப்பின மக்களின் படைப்பு. ஆனால் உறவு இருக்கிறது. 1845-லிருந்து சுமார் 36,000 இந்தியக் கூலிகள் ஒப்பந்தத்தில் ஜமைக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 'கஞ்சா' என்ற சொல் அவர்களோடு போனதுதான், அது இன்று எத்தனையோ ரெகே பாட்டுகளில் கேட்கிற சொல். ராஸ்தஃபாரியின் முதல் பிரசாரகர்களில் ஒருவரான லெனார்ட் ஹவல் 1930-களில் வைத்துக்கொண்ட புனைபெயரில் 'மராக்' என்று வரும், அது நம் 'மகாராஜ்'தான்.

நேரடிக் கலப்பு நடந்தது இங்கிலாந்தில். பர்மிங்காமின் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் ஜமைக்கக் குடும்பங்களும் பஞ்சாபிக் குடும்பங்களும் அடுத்தடுத்த வீட்டில் இருந்தார்கள், அந்தத் தெருக்களில் வளர்ந்த ஸ்டீவன் கபூர், அப்பாச்சி இந்தியன் என்ற பெயரில் ஜமைக்கப் பேச்சு மொழியையும் பஞ்சாபியையும் ஒரே மூச்சில் பாடினார். 1996-ல் ஏ.ஆர்.ரஹ்மான் அவரை 'லவ் பேர்ட்ஸ்' படத்தில் பாட வைத்தார், 'நோ ப்ராப்ளம்' பாட்டு. அந்த வருடம் நாம் எல்லோரும் முணுமுணுத்த குரல் ஹேண்ட்ஸ்வொர்த் குரல்தான்.

நாங்கள் ஐந்து நண்பர்கள். இரண்டு பறை, ஒரு பேஸ் கிட்டார், ஒரு கிட்டார், பாட ஒருவன். ரெகேயும் பறையும் சேர்த்து ஏதாவது செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
*– வாசகர், கோயம்புத்தூர்*

இந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன், அவ்வளவு பிடித்திருந்தது.

முதல் இரண்டு வாரம் பறையும் பேஸும் மட்டும். ஒரு பறையில் தடித்த அடிக்குச்சி மூன்றாவது எண்ணிக்கையில் மட்டும் விழட்டும், மெல்லிய சிம்புக்குச்சி இரண்டிலும் நான்கிலும் லேசாக. ஒன்றில் யாரும் எதையும் தொடக் கூடாது, கை துறுதுறுக்கும், விட்டுவிடுங்கள். பேஸ் வாசிப்பவர் நாலைந்து சுரத்துக்கு மேல் போக வேண்டாம், அதையே திரும்பத் திரும்ப வாசிக்கட்டும். அது நின்ற பிறகு இரண்டாவது பறைக்காரர் உங்கள் ஊர் அடியில் மும்மூன்றாகப் போகிற ஒன்றை எடுத்து உள்ளே விடட்டும், முதலில் மெதுவாக. கயா ரவானில் செய்தது இதுதான். இரண்டு பறையும் ஒரே நேரத்தில் முழு வேகம் எடுத்தால் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து. இடையில் சலித்தால் ஒலோடும் குழுவின் பழைய பதிவுகளைப் போட்டுக் கேளுங்கள், ஒவ்வொருவரும் எவ்வளவு குறைவாக வாசிக்கிறார்கள் என்று பாருங்கள்.

அப்புறம், கிட்டார் நண்பரை அந்த இரண்டு வாரமும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள், கஷ்டம்தான், ஆனால் அவர் எங்கே 'சக்' என்று வெட்ட வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரியும். ஏதாவது தேறினால் ஃபோனிலேயே பதிவு செய்து அனுப்புங்கள். சுத்தமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எனக்குக் கேட்க வேண்டும்.