சேறு, உறைபனி, சைக்கிளோகிராஸ்: கேட்டதும் சொன்னதும்

நம்ம ஞாயித்துக்கிழமை சைக்கிள் கோஷ்டியில் ரெண்டு பேர் மேற்படிப்புக்கு பெல்ஜியம் போயிருக்காங்க. வர்ற ஜனவரியில் அங்கே ஒரு அமெச்சூர் சைக்கிளோகிராஸ் சாம்பியன்ஷிப்பில் பேர் கொடுத்திருக்காங்களாம். சேறு, மணல், படிக்கட்டுன்னு இருக்கிற பாதையில், சில இடத்தில் சைக்கிளைத் தூக்கிக்கிட்டும் ஓடற குளிர்கால சைக்கிள் ரேஸ் அது. விஷயம் பரவினதில் இருந்து கேள்வியெல்லாம் என் தலையில்தான். பெல்ஜியத்தில் கெண்ட் நகரத்தில் வேலை பார்த்த காலத்தில் குளிர்காலம் வந்தா நான் இந்தச் சேத்துலதான் கிடந்தேன், அதனால. தெரிஞ்சதைச் சொல்றேன். கேட்டவங்க பேருக்குப் பதிலா அவங்க இருக்கிற இடத்தைப் போட்டிருக்கேன், கீழே என் பதில். ஒண்ணை மட்டும் முதல்லயே சொல்லிடறேன்: சைக்கிளை வாட்டர் சர்வீஸ் கடையில் விடாதீங்க.

அஸ்தம்பட்டி: அக்கா, சைக்கிளோகிராஸும் எம்.டி.பி. (மலைப்பாதை சைக்கிள்) ரேஸும் ஒண்ணுதானே?

இல்லை தம்பி. இதுல ரோடு சைக்கிள் மாதிரி வளைஞ்ச ஹேண்டில்பார். சஸ்பென்ஷன் வச்சு யாரும் ஓட்டறதில்லை. டயர் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாதுன்னு சர்வதேச சைக்கிள் சங்கமான யூ.சி.ஐ.யோட விதி. ஒரு சுத்து சுமார் 3 கிலோமீட்டர். அதுக்குள்ள புல்வெளி, சேறு, மணல், படிக்கட்டு, 40 சென்டிமீட்டர் உயரப் பலகைத் தடுப்பு எல்லாம் வரும். தூரக் கணக்கு கிடையாது, நேரக் கணக்குதான். அமெச்சூர்களுக்கு 40 நிமிஷத்தில் இருந்து 1 மணி நேரம். முதல் நிமிஷத்துலயே நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருக்கும், கடைசி வரைக்கும் அப்படியேதான்.

கெண்ட் (அந்த ரெண்டு பேரில் சின்னவர்): அக்கா, காலையில் தரை கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்குது. மதியம் ரேஸ் நேரத்துக்கு மேல மட்டும் இளகிடுது. பிராக்டிஸ்ல ஒரே நாள்ல நாலு தடவை விழுந்தேன். என்ன பண்றது?

கேட்டியே, இதுதான் கேள்வி.

நீ சொல்ற தரைதான் இருக்கிறதுலயே மோசம். முழுசா உறைஞ்சிருந்தாக்கூட ஓட்டிடலாம். முழுச் சேறுன்னா சேத்துக்கு ஏத்த டயர் போட்டுக்கலாம். வெயில் பட்டு மேல அரை அங்குலம் மட்டும் இளகி, அடியில் கெட்டியாவே இருந்தா, டயரோட பல்லு கீழே இறங்கிப் பிடிக்கிறதுக்கு இடமே இல்லை. வெண்ணெய் தடவின அம்மிக்கல்லு மேல ஓட்டற கதைதான். ஆணி வச்ச டயருக்கும் விதியில் அனுமதி இல்லை. ஷூ முனையில் ஆணி போட்டுக்கலாம், அதை மறக்காம போட்டுக்கோ.

அதனால ரேஸ் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி பாதையை ஒரு தடவை நடந்தே பாரு. நிழல் எங்கே விழுதுன்னு கவனி. மரத்து நிழல், கட்டடத்துக்கு வடக்குப் பக்கம், பாலத்து அடி, இங்கெல்லாம் மதியமும் உறைஞ்சேதான் இருக்கும். வெயில்ல இருந்து நிழலுக்குள்ள நுழையற வளைவுலதான் பாதிப் பேர் விழுவாங்க. கயிறு கட்டின ஓரமா யாரும் மிதிக்காத புல் நின்னுக்கிட்டிருக்கும். சுத்து கொஞ்சம் கூடினாலும் பிடிப்பு அங்கேதான். நடுவில் பளபளன்னு இருக்கிற குறுக்கு வழியைப் பார்த்து மயங்காதே.

பனிக்கட்டி மேல ஏறிட்டா ஒண்ணுமே செய்யாதே. பிரேக் வேண்டாம், திருப்ப வேண்டாம், அழுத்தி மிதிக்கவும் வேண்டாம். வண்டி தானா உருளட்டும். பிரேக் எல்லாம் அதுக்கு முன்னாடியே முடிச்சிருக்கணும். உறைஞ்ச சக்கரத்தடத்துக்குள்ள முன் சக்கரம் மாட்டிக்கிட்டா, வெளியே இழுக்கப் போராடாம தடம் போற போக்குலயே போயிடு. பக்கவாட்டுச் சரிவுல மேட்டுப் பக்கத்துக் காலை பெடல்ல இருந்து கழட்டித் தொங்க விடு. உடம்புப் பாரம் முழுக்கப் பள்ளத்துப் பக்கத்து பெடல்ல இருக்கணும்.

அப்புறம் கை. சுழியம் டிகிரியில் விரல் மரத்துப்போனா பிரேக் பிடிக்கிறது உனக்கே தெரியாது. வார்ம்அப்புக்கு ஒரு கிளவுஸ், ரேஸுக்குக் காஞ்ச கிளவுஸ் தனியா. ஜாக்கெட்டை ஸ்டார்ட் விசிலுக்கு முன்னால வரைக்கும் கழட்டாதே, வெளியே நிக்கிற ஃப்ரெண்டு வாங்கிக்கட்டும்.

சூரமங்கலம்: 60 ஆயிரம் பட்ஜெட். எந்த சைக்கிள் வாங்கலாம்?

இருக்கிறதை ஓட்டுங்க. கொஞ்சம் அகலமான டயர் உள்ளே போகுமான்னு மட்டும் பாருங்க.

அஞ்சு ரோடு: எங்க கடை மெக்கானிக் டயர்ல 60 பி.எஸ்.ஐ. (காத்தழுத்த அளவு) காத்து வைக்கச் சொல்றார். குறைச்சா ரிம் போயிடுமாம்.

தார் ரோட்டுக்கு அவர் சொல்றது சரி. சேத்துக்கு இல்லை. 33 மில்லிமீட்டர் டயர், 70 கிலோ ஆள், டியூப்லெஸ்ன்னா 20-25 பி.எஸ்.ஐ. போதும். உள்ளே டியூப் இருந்தா 30-ஐ ஒட்டி வைங்க, இல்லாட்டி கல்லு இடிச்சு டியூப்ல பாம்பு கடிச்ச மாதிரி ரெட்டை ஓட்டை விழும். காத்து குறைஞ்சாத்தான் டயர் தரையோட பரந்து ஒட்டும். நாலாயிரம் ரூபா டயர் செய்யாததை, ரெண்டு அழுத்து அழுத்திக் காத்தை இறக்கறது செய்யும்.

ஆத்தூர்: சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஓடறதெல்லாம் சைக்கிள் போட்டியா? ஓட்டத் தெரியாதவங்க செய்யறது மாதிரி இருக்கு.

அந்த ஓட்டம் விளையாட்டுல பாதி. பிரான்ஸில் 1902-லயே இதுக்கு தேசிய சாம்பியன்ஷிப் நடந்திருக்கு. ரோடு ரேஸ் ஆட்கள் குளிர்காலத்தில் உடம்பு விட்டுப்போகாம இருக்க வயலு, வேலி, வாய்க்கால்னு குறுக்கே பாய்ஞ்சதுதான் ஆரம்பம். 1910-ல் டூர் டி பிரான்ஸ் ஜெயிச்ச ஒக்டேவ் லாப்பிஸ், தன் வெற்றிக்கு இந்தக் குளிர்காலப் பயிற்சியைத்தான் காரணமாச் சொன்னார்.

ஆத்தூர் (மறுபடியும்): அப்படின்னா ஓட்டப்பந்தயத்துக்கே போயிடலாமே?

மிதிச்சுப் போற வேகம் ஓடற வேகத்தை விடக் குறைஞ்சா இறங்கிடணும். கணக்கு அவ்வளவுதான். இதில் மானப் பிரச்சினை எங்கே வந்தது?

ஏற்காடு: நான் ஆத்தூர்க்காரர் பக்கம். 20 ஹேர்பின் பெண்டையும் இறங்காம ஏர்றவன் நான். காலில் பலம் இருந்தா எந்தச் சேத்துலயும் மிதிக்கலாம்.

ஹேர்பின் பெண்டுல தார் இருக்குங்க. வடகிழக்குப் பருவமழை முடிஞ்சதும் நாகலூர் பக்கம் ஏதாவது எஸ்டேட் மண் பாதையில் ஏறிப் பாருங்க. செம்மண்ணு டயரைச் சுத்தும், அது மேல சில்வர் ஓக் சருகு ஒட்டும், ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் அடைச்சு சக்கரமே சுத்தாது. அப்போ காலில் எவ்வளவு பலம் இருந்து என்ன பண்ண?

செவ்வாய்பேட்டை (வயசு 71): அம்மா, எங்க காலத்துல திருமணிமுத்தாத்துல தண்ணி வந்தா சைக்கிளைத் தோள்ல போட்டுக்கிட்டுத்தான் கடந்தோம். 20 கிலோ கறுப்பு சைக்கிள். யாரும் மெடல் குடுக்கல.

ஐயா, நீங்க எந்தத் தோள்ல தூக்கினீங்க?

செவ்வாய்பேட்டை: வலது தோள்தான். வலது கையைக் கம்பிக்கு அடியில் விட்டு ஹேண்டில்பாரைப் பிடிச்சுக்குவோம். இல்லைன்னா முன் சக்கரம் திரும்பி மூஞ்சியில் அடிக்கும்.

ஆத்தூரும் ஏற்காடும் நல்லாக் கேட்டுக்குங்க. பெல்ஜியத்தில் எனக்குப் பயிற்சியாளர் சொல்லிக் கொடுத்ததும் இதேதான், எழுத்துப் பிசகாம. செயின் வலது பக்கம் இருக்கிறதால இடது பக்கமா இறங்கி, வலது தோளைச் சட்டத்துக்குள்ள நுழைச்சு, கையைக் கீழ்க்குழாய்க்கு அடியில் விட்டு ஹேண்டில்பாரைப் பிடிக்கணும். இடது கை வீச்சுக்கு. ஐயா, கெண்ட்டில் இருக்கிற பசங்களுக்கு நீங்க ஒரு வீடியோ கால் போட்டீங்கன்னா நல்லா இருக்கும்.

ஏற்காடு: சரிங்க, ஆனா டாப் ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்காமலே பலகையைத் தாண்டிக் குதிச்சுப் போறாங்களே?

போறாங்க. உங்களுக்கு முன் பல்லு மேல ஆசை இல்லைன்னா நீங்களும் போங்க.

நாமக்கல்: நடவு வயல்ல ஓட்டிப் பழகலாமா?

வயல்காரர் மண்வெட்டியோட வருவார். மழை விட்ட மறுநாள் ஏரிக்கரைச் சரிவு போதும், கன்னங்குறிச்சி மூக்கனேரிப் பக்கம் மாதிரி. சேர்வராயன் மலையில் எஸ்டேட்டுன்னா முதலாளிகிட்டக் கேட்டுட்டு, காப்புக்காடுன்னா வனத்துறை அனுமதியோட மட்டும். இந்த விஷயத்தில் விளையாடாதீங்க.

கோரிமேடு: குளிருக்குக் காலில் அமிர்தாஞ்சன் தடவினா ஆகுமா?

அதில் மெந்தால் இருக்கு, தோல் இன்னும் சில்லுன்னுதான் உணரும். அங்கே விக்கிறது மிளகாய்க் காரம் சேர்ந்த சூட்டுத் தைலம். உடுப்பை முதல்ல போட்டுக்கிட்டு அப்புறம் தைலம் தடவு. வரிசை மாறினா எங்கே எரியும்னு நான் சொல்லத் தேவையில்லை. அதே கையால கண்ணையும் தொடாதே. இதெல்லாம் தோலுக்குத்தான் சூடு, தசைக்கு வார்ம்அப் தனியா வேணும்.

ஃபேர்லேண்ட்ஸ்: சேறாயிட்ட சைக்கிளை பைக்கோட சேர்த்து வாட்டர் சர்வீஸ்ல விட்டேன், 50 ரூபாய்ல பளிச்சுன்னு ஆயிடுச்சு. இப்போ மிதிக்கும்போது கரகரன்னு சத்தம்.

மேலே முதல் பத்தியைப் படிக்கவே இல்லையா? அந்த அழுத்தத் தண்ணி ஹப் (சக்கரத்து நடு), பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுத்தற இடம்), ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பற இடம்) மூணுலயும் சீல் வழியா உள்ளே போய் கிரீஸை அடிச்சு வெளியே தள்ளிடும். மிச்சம் இருக்கிற மண்ணு பேரிங்கை அரைக்கும். உடனே பிரிச்சு கிரீஸ் போடுங்க. அடுத்த தடவை ஒரு வாளித் தண்ணி, ஒரு பிரஷ், அவ்வளவுதான். பெரிய ரேஸ்ல பிட்டில் (ரேஸ் நடுவுல சைக்கிள் மாத்தற இடம்) அழுத்தத் தண்ணி அடிக்கிறாங்களேன்னு யாராவது கேட்பீங்க. அவங்க ஒவ்வொரு வாரமும் பேரிங் மாத்தற ஆட்கள்.

சூரமங்கலம் (வேற ஆள்): எந்த சைக்கிள் வாங்கலாம்?

மேலே.

எடப்பாடி: சட்டத்துக்குள்ள மோட்டார் ஒளிச்சு வச்சா கண்டுபிடிப்பாங்களா?

2016-ல் பெல்ஜியத்துலயே, ஸோல்டர் உலக சாம்பியன்ஷிப்பில் கண்டுபிடிச்சாங்க. 6 வருஷத் தடை.

கெண்ட் (பெரியவர்): ரேஸ் நடுவுல தண்ணி குடிக்க எத்தனை பாட்டில் வைக்கணும் அக்கா?

ஒண்ணுகூட வேண்டாம்ப்பா. 40 நிமிஷத்துக்கு யாரும் குடிக்க மாட்டாங்க, குடிக்கக் கையும் ஒழியாது. பாட்டில் மாட்டற கேஜையே ரெண்டு ஸ்க்ரூவோட கழட்டிடு, தோள்ல தூக்கும்போது விலாவில் இடிக்கும். அந்த ஸ்க்ரூ ஓட்டையில் மறக்காம டேப் ஒட்டு, இல்லைன்னா சேத்துத் தண்ணி சட்டத்துக்குள்ள இறங்கிடும்.