கம்பிச் சல்லடை இருக்கும்போது நுண்சல்லடை எதற்கு?

உங்கள் குடியிருப்பின் எஸ்டிபியில் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில்) 20 மி.மீ. இடைவெளியுள்ள கம்பிச் சல்லடை இருக்கிறது, மிக நுண்ணிய துளைகளுள்ள சவ்வால் நீரை வடிகட்டும் மெம்பிரேன் முறைக்கு மாறினால் அதுவே போதாதா என்று கேட்கிறீர்கள். போதாது.

அந்தக் கம்பிகள் துணியையும் பிளாஸ்டிக் பையையும் தடுக்கும். ஆனால் உண்மையான எதிரி தலைமுடி. காற்றூட்டும் தொட்டியில் முடியும் துணி நாரும் சுழன்று சுழன்று கயிறாகத் திரிந்து, மெம்பிரேன் இழைகளைச் சுற்றிக்கொள்ளும். அதைக் கையால் பிரித்தெடுப்பது நரக வேலை.

நுண்சல்லடையின் துளை, இழை வகை மெம்பிரேனுக்கு 1 முதல் 2 மி.மீ., தட்டு வகைக்கு 3 மி.மீ. வரை என்பது வழக்கம். அளவோடு துளையின் வடிவத்தையும் பாருங்கள். நீளப் பிளவாக இருந்தால் முடி நெடுக்காக நழுவிவிடும். வட்டத் துளைத் தகடே மேல்.

சிறிய நிலையத்துக்குச் சுழலும் டிரம் சல்லடை ஒத்துவரும். கழுவும் ஸ்பிரே அடைத்துக்கொண்டால், சமையலறை எண்ணெய் துளைகளில் மெழுகுபோல் படியும். வெந்நீரும் பிரஷும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

விற்பவரிடம் ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: சல்லடை அடைத்தால் நீர் எங்கே போகும்? சல்லடையில்லாத பைபாஸ் வழியாக நேரே மெம்பிரேன் தொட்டிக்கு என்றால், போட்ட பணம் வீண். பழைய கம்பிச் சல்லடையைக் கழற்றிவிடாதீர்கள். டிரம்முக்கு முன்னால் அது வேண்டும்.