1380 கோடி வயதுக்கு 4600 கோடி ஒளியாண்டு எப்படி?

பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டுதான் என்றால், நாம் காணக்கூடிய எல்லை 4600 கோடி ஒளியாண்டு தொலைவில் இருப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு எண்களும் சரிதான். 1380 கோடி ஆண்டு என்பது நம்மை வந்தடையும் மிகப் பழைய ஒளி பயணம் செய்த காலம். 4600 கோடி ஒளியாண்டு என்பது அது கிளம்பிய இடம் இன்று இருக்கும் தொலைவு. ஒளி வந்துகொண்டிருந்தபோதே அண்டவெளியும் விரிந்துகொண்டிருந்தது.

குழப்பம் பெரும்பாலும் செய்திகளால் வருவது. பயணக் காலத்தையே தொலைவு என்று எழுதிவிடுகிறார்கள்.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த மிகப் பழைய ஒளியான அண்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர் கிளம்பிய இடம், அன்று நம்மிடமிருந்து சுமார் 4.2 கோடி ஒளியாண்டு தொலைவில்தான் இருந்தது. (அவ்வளவு அருகிலிருந்து வர இத்தனை காலம்! எனக்கு இதுதான் பெரிய வியப்பு.) அதன் செம்பெயர்ச்சி (வெளி விரிந்ததால் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டது என்பதன் அளவு) சுமார் 1090. அதனுடன் ஒன்றைக் கூட்டி, 4.2 கோடியால் பெருக்குங்கள்: ஏறத்தாழ 4580 கோடி வரும்.

ஆனால் இதைப் பிரபஞ்சத்தின் விளிம்பு என்று எண்ண வேண்டாம். முதல் 3,80,000 ஆண்டுகள் பிரபஞ்சம் முழுதும் ஒளி ஊடுருவாத பிளாஸ்மா, அதாவது மின்னூட்டத் துகள்களின் சூடான கலவை. எவ்வளவு பெரிய தொலைநோக்கியானாலும் ஒளியைக் கொண்டு அதைத் தாண்டிப் பார்க்க முடியாது.