ஸ்டிக்கருக்குப் பயம், பெட்டிக்குப் பயமில்லையா?

கிளிநொச்சியில் வான் ஓடும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஹயர் போகிறவர், அங்கிருந்து அதிவேக வீதியால் கொழும்புக்கும் போய்வருவார். நிற்காமலே கட்டணம் கழிக்கிற ஸ்டிக்கரைக் கண்ணாடியில் ஒட்டினால் ஏ9 முழுக்கத் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்களோ என்று கேட்கிறார். வான் லீசிங்கில் எடுத்தது, இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் பெட்டி பூட்டித்தான் தந்தார்கள் என்பதைக் கடைசி வரியில் சும்மா சொல்லிவிட்டுப் போகிறார்.

பயம் விளங்குகிறது. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி நின்று, கொப்பியில் வாகன நம்பர் எழுதுவதைப் பார்த்த ஆட்கள் நாங்கள். ஆனால் அந்த மாதிரி ஸ்டிக்கரில் பற்றரியும் இல்லை, சிம்மும் இல்லை. கட்டண வாசலில் உள்ள கருவியின் அலை பட்டால் தன் இலக்கத்தைச் சொல்லும், மற்ற நேரம் வெறும் ஒட்டுத்தாள்தான். ஏ9இல் கட்டண வாசலே கிடையாது. மிஞ்சுவது எந்த வாசலால் எத்தனை மணிக்கு ஏறி இறங்கினீர்கள் என்ற பதிவு. அதுவும் சின்ன விஷயமில்லை, அமெரிக்காவில் இப்படியான ஈ-சீபாஸ் பதிவுகள் விவாகரத்து வழக்குகளில் சாட்சியாக வந்திருக்கின்றன.

ஜிபிஎஸ் பெட்டிக்கு வருவோம். அதற்குள் சிம் இருக்கிறது. இடம், வேகம், இஞ்சின் ஓடுகிறதா நிற்கிறதா எல்லாவற்றையும் விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். முறிகண்டியில் தேங்காய் உடைக்க நின்றது, கச்சான் வாங்கிக்கொண்டு எத்தனை நிமிடம் கதைத்தீர்கள் என்பது வரைக்கும் அதில் கிடக்கும். சிலதில் றிலே என்ற மின் சுவிட்சைப் பூட்டி, தூரத்திலிருந்தே இஞ்சினை நிறுத்தவும் முடியும். 2022இல் மைக்கோடஸ் எம்வி720 என்ற பெட்டியில் ஆறு பாதுகாப்பு ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். கடையில் வரும்போதே எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல், 123456. மாற்றாமல் ஓடுகிறவர்கள்தான் கூட.

சரி, வயரைப் பிடுங்கிவிடாதீர்கள், லீசிங் ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும். முதலில் ஒப்பந்தத்தில் ஜிபிஎஸ் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். அப்புறம் யார் யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், கடைசித் தவணை கட்டினதும் கழற்றுவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்; அமுலாக்கம் இழுபட்டாலும் வாசிக்கிறவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். பெட்டியைப் பார்க்கும் செயலி உங்கள் கையில் இருந்தால் கடவுச்சொல்லை இன்றைக்கே மாற்றுங்கள், பூட்டின கடைக்காரரிடமும் பழையது இருக்கும்.

ஸ்டிக்கரைத் தாராளமாக ஒட்டுங்கள். வானை விற்கும்போது மட்டும் அந்தக் கணக்கை மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் வாங்கினவர் போகிற பயணமெல்லாம் உங்கள் பேரில் பதியும், காசும் உங்களிடம்தான் கழியும்.